கிச்சுவுக்குப் பதில் சொல்லும் வேலை

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால் எனக்குக் கிடைக்கும் தனிமை சரியாகப் பதினொரு விநாடி. எண்ணிப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாவது விநாடியில், டைல்ஸ் வெட்டும் மெஷினை யாரோ தகரத்தில் வைத்து அழுத்தியதுபோல வெளியே ஒரு சத்தம் எழும். உள்ளே நான் எந்த நிலையில் இருந்தாலும், "இருக்கேன் மக்கா" என்று குரல் கொடுக்கவேண்டும். கொடுத்தால் அடுத்த பதினொரு விநாடி எனக்குச் சொந்தம். கொடுக்காவிட்டால் சத்தம் இரட்டிக்கும். மூன்றாவது தடவைக்கு எதிர்வீட்டு ஞானத்தின் நாயும் சேர்ந்துகொள்ளும். நாய் சேர்ந்தால் ஞானமும் சேர்ந்துகொள்வாள்.

சத்தத்தின் சொந்தக்காரன் கிச்சு. சன் கொனூர் என்கிற வெளிநாட்டுக் கிளி. உள்ளங்கையில் அடங்குவான். மஞ்சளும் செம்மஞ்சளுமாக, தூரத்திலிருந்து பார்த்தால் பழுத்த மாம்பழத்துக்குக் கண் வைத்ததுபோல இருப்பான். தூரத்திலிருந்து பார்ப்பதுதான் நல்லது.

என் மகள் பிரீனா நர்சிங் படிக்கும்போது வாங்கியது. நியூசிலாந்தில் வேலை கிடைத்துப் புறப்பட்ட அன்று, "ரெண்டே மாசம் அப்பா, பொறவு நான் கொண்டுபோயிருவேன்" என்றாள். அந்த நாட்டுக்குள் இப்படிப் பறவையைக் கொண்டுபோக அனுமதி கிடையாது என்பது அவள் விமானம் ஏறிய பிறகுதான் தெரிந்தது. அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்லமாட்டேன். இவன் சத்தத்தைப் பற்றி யாரோ அவர்களிடம் முன்பே சொல்லியிருக்கவேண்டும். இது மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. கிச்சுவுக்கு வயது நான்கு. முப்பது வரை இருப்பானாம். எனக்கு ஐம்பத்து நான்கு. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நான் போட்டுப் போட்டு அலுத்துவிட்டேன்.

கருங்கல் சந்திப்பில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. ஊருக்கெல்லாம் பளபளப்பான ஃபிரேம் போட்டுக் கொடுக்கிற ஜஸ்டஸ் ஆகிய நான், இடது பக்கக் காலில் நூல் சுற்றிய கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கிச்சு என் தோளில் உட்கார்ந்தால் முதல் வேலை கண்ணாடிக் காலைக் கடிப்பதுதான். பகலில் என் மனைவி ஜெபகுமாரியின் குரல் அவனுக்கு எப்படியோ ஒப்பேறும். ஐந்து மணியானால் நான் வந்தாகவேண்டும். அதனால் ஐந்துக்குக் கடையைச் சாத்திவிடுவேன். ஊரிலுள்ளவர்கள் வேலை முடிந்து கண்ணாடி வாங்க வருவது ஐந்தரைக்கு.

வீட்டில் அவன் வெளியே பறக்கும் நேரத்தில் மின்விசிறி போடக்கூடாது. சித்திரை மாதமானாலும் போடக்கூடாது. கொசுவர்த்தி கூடாது, சென்ட் கூடாது. துபாயிலிருந்து மச்சினன் கொண்டுவந்த சென்ட் பாட்டில்கள் ஐந்து, அலமாரியில் உறை பிரிக்காமல் இருக்கின்றன. மீனை வீட்டுக்கு வெளியே, கொல்லையில் அடுப்பு கூட்டித்தான் பொரிக்கவேண்டும். மழையென்றால் குடை பிடித்துக்கொண்டு பொரிக்கவேண்டும். குடை பிடிப்பது நான். ஏழு மணிக்கு அவனுக்கு உறக்கம், ஆகவே எங்களுக்கும் உறக்கம். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து முதல் ஆளாக எழுந்துவிடுவேன். "ஜஸ்டஸ் திங்கியதுக்குண்ணே வாறான்" என்று பெயரும் எடுத்தாகிவிட்டது.

இதையெல்லாம் ஜெபகுமாரி பொறுத்துக்கொண்டாள். ஆப்பச்சட்டியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவள் தங்கை ஜாஸ்பின் சார்ஜாவிலிருந்து கொண்டுவந்த நான்-ஸ்டிக் ஆப்பச்சட்டி அது. அந்தப் பூச்சு சூடு மிஞ்சிப் புகைந்தால் பறவையின் நெஞ்சு அடைத்துவிடும் என்று பிரீனா போனில் அழுதாள். சட்டி பெட்டியோடு அலமாரி மேலே போனது. இரும்புச் சட்டியில் ஒட்டிக் கிழிந்த ஆப்பத்தை மூன்று வருடமாகத் தின்றுகொண்டிருக்கிறோம்.

அவளால் பொறுக்கமுடியாமல் போனது வேறொன்று. எங்கள் சபையில் சனிக்கிழமைதோறும் வீட்டு ஜெபக்கூட்டம் உண்டு. எங்கள் பகுதியில் முப்பத்துநான்கு வீடு. வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, எட்டு மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வரும். அன்றைக்கு வீட்டைக் கழுவி, வாடகை நாற்காலி போட்டு, வந்தவர்களுக்குச் சாயாவும் பலகாரமும் கொடுத்து, ஜெபகுமாரி அரசியாக இருப்பாள். பிப்ரவரியில் முறை வந்தபோது கிச்சுவின் கூண்டின்மேல் போர்வை போட்டு உள்ளறையில் வைத்தோம். பாட்டு முடிகிறவரை அவன் வாயே திறக்கவில்லை. சத்தம் இருந்தால் அவனுக்குப் பயமில்லை, கூட்டம் பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். பிறகு எல்லாரும் கண்ணை மூடி மௌன ஜெபத்துக்குத் தலை குனிந்தார்கள். வீடு அமைதியானது. பன்னிரண்டாவது விநாடியில், முன்வரிசையிலிருந்த ஒரு பாட்டியின் கையிலிருந்த வேதப்புத்தகம் தரையில் விழுந்தது. கூட்டம் முடியும்வரை உள்ளறையில் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் முறைப்படி பதினேழாம் வீடு முடிந்து பதினெட்டாம் வீடான நாங்கள் வரவேண்டும். பகுதிச் செயலாளர் ரசலையன் அண்ணன், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், மிகவும் நல்லவர், நோட்டைப் பார்த்து எங்கள் பெயரைத் தாண்டிப் பத்தொன்பதாம் வீட்டைப் படித்தார். ஜெபகுமாரி வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு வருசமாட்டு இந்த வீட்டுல யாராவது வந்து நிம்மதியாட்டு ஒரு சாயா குடிச்சிருக்காவளா?" என்றாள். "வாசல்ல நிண்ணு பேசிட்டு வாசலோட போறாவ. ஆஸ்பத்திரியில தொத்து நோய்க்காரனப் பாக்க வாற மாதிரி."

நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் கிச்சு கூப்பிட்டான். அவனுக்குப் பதில் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவளே ரசலையன் அண்ணன் வீட்டுக்குப் போய், "வாற சனி எங்க வீட்டுல வையுங்க அண்ணே, இனி பறவை இருக்காது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"பறவை எங்க போவும்?" என்று கேட்டேன்.

"அது உங்க சோலி."

அந்தச் சோலிக்கு எனக்குத் தெரிந்த ஒரே ஆள் வினோஜ். மயிலாடிக்காரன். போன வருடம் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தவன், என் ஃபிரேமின் காலைப் பார்த்ததுமே, "சன் கொனூரா அண்ணே?" என்று கேட்டான். பல்தடத்தைப் பார்த்துப் பாம்பைச் சொல்கிறவர்கள் உண்டு, அலகுத் தடத்தைப் பார்த்துக் கிளியைச் சொன்னவன் அவன்தான். அவன் அப்பாவுக்குச் சிற்பப் பட்டறை. பட்டறைக்குப் பின்னால் இவன் கூண்டு கட்டி ஐம்பது அறுபது பறவைகள் வளர்க்கிறான். அவனுக்கு போன் போட்டேன்.

"கொண்டாங்க அண்ணே. இஞ்ச ஒரு நிமிசம் சத்தம் நிக்காது. எட்டு உளி, ரெண்டு கட்டர் மெஷின். நீங்க சொல்லுத அந்த அமைதிப் பிரச்சினை இஞ்ச வராது."

இவ்வளவு பொருத்தமான இடம் உலகத்திலேயே கிடையாது என்று எனக்குப் பட்டது. ஜெபகுமாரியும் ஒத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் கூண்டைக் காரின் பின்சீட்டில் வைத்து, திங்கள்சந்தை, நாகர்கோவில், சுசீந்திரம் தாண்டிக் கொண்டுபோனேன். ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்து ஒவ்வொரு கடைப் பெயராகச் சத்தமாக வாசித்துக்கொண்டே போனேன், அவன் கூப்பிடாமல் இருக்க. சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரன் என்னை இரக்கத்தோடு பார்த்தான்.

பட்டறையில் பாதிப் பிள்ளையாரும், மூக்கு வராத மாதாவும், துப்பாக்கி மட்டும் முடிந்த ஒரு போர்வீரனும் வரிசையாக நின்றார்கள். எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. உளிகள் டங் டங் என்று விழுந்துகொண்டிருந்தன. தூசி பின்பக்கம் வராதபடி கனத்த தார்ப்பாய் கட்டியிருந்தான் வினோஜ். கிச்சு கழுத்தைச் சாய்த்துக் கேட்டான். கட்டர் மெஷின் அலறியது. அவனுக்குச் சொந்தக்காரனைக் கண்டதுபோல ஆகிவிட்டது. கழுத்து இறகைச் சிலிர்த்து ஒரு ஆட்டம் போட்டான். நான் மெல்லத் தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் வந்து நின்று எண்ணினேன். பதினொன்று, பன்னிரண்டு, இருபது, அறுபது, நூறு. அவன் என்னைத் தேடவே இல்லை.

எனக்கு வந்தது பொறாமை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு கட்டர் மெஷின்மேல் பொறாமைப்பட்ட மனுஷன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திரும்பி வந்தபோது வீடு எனக்கு அடையாளம் தெரியவில்லை. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. பட்டப்பகலில் கொசுவர்த்தி ஏற்றியிருந்தாள். துபாய் சென்ட் திரைச்சீலையிலிருந்து மணத்தது. அடுப்பங்கரையில் நான்-ஸ்டிக் சட்டியிலிருந்து ஆப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஓரம் முறுகி, நடுவில் பஞ்சாக, கிழியாமல் நழுவி இறங்கின. நிற்கிற நிலையிலேயே நான்கு தின்றேன். பிறகு மின்விசிறிக்கு நேர் கீழே தரையில் மல்லாந்து படுத்தேன். மூன்று வருடக் காற்றையும் ஒரே நாளில் வாங்கிவிட நினைத்தேன்.

"அவன் தின்னானா?" என்று ஜெபகுமாரி அடுப்பங்கரையிலிருந்து கேட்டாள்.

"கவனிக்கல்ல."

"கவனிச்சிருக்கணும்."

நான்கரை மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இருபத்தாறு பேர். வாசலோடு போகாமல் உள்ளே வந்து, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். "வீடு நல்லா வச்சிருக்கே மக்கா" என்று ஞானம் சொன்னபோது ஜெபகுமாரியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்ற நிலையில் ஒரு நிறைவு இருந்தது. இதைத்தான் இவளிடமிருந்து நான் எடுத்து வைத்திருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பாட்டு முடிந்தது. ரசலையன் அண்ணன், "மௌனமாட்டு ஜெபிப்போம்" என்றார். எல்லாரும் தலை குனிந்தார்கள். மின்விசிறியைக்கூட யாரோ மரியாதைக்காக அணைத்துவிட்டார்கள். முழு அமைதி. நான் உண்மையிலேயே ஜெபிக்கத்தான் நினைத்தேன். ஆனால் உள்ளுக்குள் ஓடியது வேறு. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டில் ஒன்றும் வரவில்லை. பதின்மூன்றிலும் வரவில்லை. ஒரு படி குறைந்த மாடிப்படியில் கால் வைத்ததுபோல இருந்தது.

"இருக்கேன் மக்கா!" என்றேன்.

உரக்கத்தான் சொன்னேன். குளியலறையிலிருந்து சொல்லிப் பழகிய குரல் அல்லவா!

இருபத்தாறு பேரும் கண் திறந்தார்கள். முன்வரிசைப் பாட்டி இந்தத் தடவை வேதப்புத்தகத்தை இறுகப் பிடித்திருந்தாள். ரசலையன் அண்ணன், தபால் ஆபீசில் எல்லா விதமான ஆட்களையும் பார்த்தவர், அமைதியாக "ஆமென்" என்றார். பின்னாலிருந்து ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார். நிலைமை சமாளிக்கப்பட்டது. நான் ஜெபகுமாரியைப் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். முந்தானையை எடுத்தபோதுதான் கண் நனைந்திருப்பதைப் பார்த்தேன்.

அடுத்து ஜெப விண்ணப்பம். ஒவ்வொருவரும் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல, செயலாளர் நோட்டில் எழுதிக்கொண்டு மொத்தமாக ஜெபிப்பார். ஞானம் முட்டுவலியைச் சொன்னாள். ஒருவர் மகனின் விசாவைச் சொன்னார். ஜெபகுமாரியின் முறை வந்தது. பிரீனாவுக்கு வேலை நிரந்தரமாகவேண்டும் என்று சொல்வதாகத்தான் ஏற்பாடு.

"எங்க கிச்சுவுக்கு வேண்டி ஜெபிக்கணும் அண்ணே" என்றாள். "காலத்த மயிலாடியில கொண்டு விட்டாச்சு. புது எடம். பயந்திராம இருக்கணும். திங்கணும்."

"அந்தப் பறவைக்கா?" என்றாள் ஞானம்.

"ஆமா. பறவைக்கு."

ரசலையன் அண்ணனின் பேனா நோட்டுக்கு மேலே நின்றது. விசாவுக்கும் முட்டுவலிக்கும் கீழே கிளியை எழுதலாமா என்று சட்டத்தைத் தேடுகிறார் என்று தெரிந்தது. பிறகு எழுதினார். ஜெபத்தில் அந்த இடம் வந்ததும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "ஆண்டவரே, அந்தச் சின்ன ஜீவனையும் நினைத்தருளும். அதன் சத்தத்தையும் தேவரீரே உண்டாக்கினீர் என்பதை நினைத்தருளும்." இரண்டாவது வாக்கியம் ஜெபமா புகாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எல்லாரும் ஆப்பமும் கடலைக்கறியும் சாப்பிட்டு, புகழ்ந்து, போனார்கள். ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். அணைக்கவேண்டிய அவசியமில்லை என்பது படுத்த பிறகு இருவருக்கும் ஞாபகம் வந்தது. ஆனாலும் யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்து ஆராதனை. ஜெபகுமாரி வெள்ளைச் சேலை கட்டிப் பாட்டுப் புத்தகத்தோடு தயாராக நின்றபோது வினோஜ் கூப்பிட்டான்.

"அண்ணே, இண்ணு ஞாயிற்றுக்கிழமை."

"தெரியும்டே. கோயிலுக்குத்தான் எறங்கிட்டிருக்கோம்."

"பட்டறை லீவு அண்ணே."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. அதற்குள் போனிலேயே கேட்டது. முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அதே தகரம், அதே மெஷின்.

"வெளிச்சம் வந்ததுல இருந்து இதாக்கும். ஒரு உளிச்சத்தம் இல்ல, பாவம் அதுக்கு என்ன தெரியும்? தீனி தொடல்ல. நெஞ்சுல இருந்து நாலஞ்சு எறக சொந்தமாட்டு பிச்சுப் போட்டிருக்கு. அடைக்கு இருந்த மத்த பறவைகள் எல்லாம் பயந்து முட்டைய விட்டு எறங்கிட்டு. ஒண்ணு நீங்க வாருங்க, இல்லேண்ணா நான் இஞ்ச இருந்து போறேன்."

பிறந்த நாள் முதல் ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற இரண்டு பேர், எட்டு உளியையும் இரண்டு கட்டரையும் எண்ணி மகிழ்ந்தோம், வாரத்தில் ஞாயிறு என்று ஒரு நாள் உண்டென்பதை மறந்துபோனோம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"நீ கோயிலுக்குப் போ, நான் போயி பாத்துட்டு வாறேன்" என்றேன்.

அவள் பாட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏட்டி, திருவிருந்து?"

"அடுத்த மாசமும் உண்டு. வண்டிய எடுங்க."

மயிலாடித் தெரு அடங்கிக் கிடந்தது. பாதிப் பிள்ளையாரும் மாதாவும் போர்வீரனும் அதே இடத்தில் நின்றார்கள், ஞாயிற்றுக்கிழமை அமைதியை அனுபவிக்க விதியில்லாமல். மெயின்ரோட்டிலிருந்து திரும்பும்போதே கிச்சுவின் குரல் கேட்டது. தொண்டை கட்டியிருந்தது. வினோஜ் பனியன்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, காதில் பஞ்சோடு வந்தான்.

"தப்பாட்டு நெனைக்காதீங்க அண்ணே. ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஊரு ஏதாவது இருந்தா சொல்லுங்க, அங்க ஆளு பாத்துத் தாறேன்."

கூண்டுக் கதவைத் திறந்தேன். கிச்சு பாய்ந்து வந்து என் தோளில் உட்கார்ந்தான். எனக்குக் கண் கலங்கியது. அவன் என் காது மடலைப் பிடித்துக் கடித்தான். விளையாட்டுக் கடி அல்ல, ரத்தம் வந்தது. ஒரு நாள் முழுவதும் சேர்த்து வைத்திருந்த கடி. பிறகு என்னைப் பார்க்கப் பிடிக்காமல் ஒரே தாவாகத் தாவி ஜெபகுமாரியின் தோளில் போய் உட்கார்ந்தான். மூன்று வருடத்தில் அவள் அவனைத் தோளில் ஏற விட்டதில்லை. இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள். அவனுடைய நெஞ்சில் பிய்ந்த இடம் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்து தெரிந்தது. அவள் விரலை மெல்ல அதன் பக்கம் கொண்டுபோனாள். அவன் வெள்ளைச் சேலையின்மேல், தோளிலிருந்து முழங்கை வரை, தாராளமாக எச்சமிட்டான்.

"ஏலே மூதி" என்றாள். துடைக்கவில்லை.

திரும்பி வரும்போது அவள் பின்சீட்டில் கூண்டோடு உட்கார்ந்தாள். சுசீந்திரம் வரை கடைப் பெயர்களை வாசித்துக்கொண்டே ஓட்டினேன். என் காது துடித்துக்கொண்டிருந்தது.

"ரசலையன் அண்ணன்கிட்ட பொய் சொன்னவ ஆயிட்டேன்" என்றாள் பிறகு. "இனி நம்ம பேர நோட்டுல இருந்தே வெட்டிருவாரு."

"வீட்டுக்குப் போனதும் ஜன்னலெல்லாம் ஒக்கத் தொறந்து போடணும். கொசுவர்த்தி மணம் போற வரைக்கும் இவன் கொல்லையில இருக்கட்டும்."

"தெரியும். அந்த ஆப்பச்சட்டி?"

"ஞானத்துக்குக் குடுத்திரு."

"எதிர்வீடு. அவ ஆப்பம் சுட்டா மணம் நம்ம வீட்டுல வரும்."

"மணத்துக்கு இவனுக்கு ஒண்ணும் ஆவாது. பொகைக்குத்தான்."

"எனக்காக்கும் ஆவும்" என்றாள்.

நான் மறுபடியும் கடைப் பெயர்களுக்குப் போனேன். நாகர்கோவில் தாண்டி ஒரு கோயிலில் ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேலைகள், எச்சமில்லாத வெள்ளைச் சேலைகள், கூடி நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தன. இனி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்கள், உட்கார்ந்து சாயா குடிப்பார்கள். எனக்குத் திடீரென்று கடுங்கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இன்னும் இருபத்தாறு வருடம். எண்பது வயதில் ஊன்றுகோலோடு குளியலறைக்குள் நின்று பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். கடைப் பெயர்களை இனி வாசிக்கமாட்டேன் என்று முடிவு செய்து வாயை இறுக மூடினேன்.

பதினொன்று. பன்னிரண்டு.

கட்டிய தொண்டையோடு கிச்சு கூப்பிட்டான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். மறுபடியும் கூப்பிட்டான், இந்தத் தடவை பாதிக் குரல்தான் வந்தது. நான் பல்லைக் கடித்தேன்.

பின்சீட்டில் சேலை உரசும் சத்தம் கேட்டது.

"இருக்கோம்லே, இருக்கோம்" என்றாள் ஜெபகுமாரி. "எங்க போறதுக்கு?"